கோரையைப் பிடுங்குவதா, தோண்டுவதா, மூடுவதா, மருந்தடிப்பதா? உங்கள் பாத்திக்கு ஏற்ற வழி எது

கோரையை என்ன செய்வது என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஏதோ ஒன்றைச் செய்துபார்த்துச் சலித்தவர்கள். பிடுங்கியிருப்பார்கள், ஒரே வாரத்தில் திரும்ப வந்திருக்கும். கொத்தியிருப்பார்கள், முன்னைவிட அடர்த்தியாக வந்திருக்கும். கறுப்பு பாலித்தீன் விரித்திருப்பார்கள். அதையும் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நிற்கும். அதற்கப்புறம்தான் கேள்வி வருகிறது: மருந்தடித்துவிடலாமா, இல்லை மொத்த மண்ணையும் தோண்டிச் சலித்துவிடலாமா?

இரண்டும் சில பாத்திகளுக்குச் சரியான வழி, சில பாத்திகளில் வெறும் வீண். எந்த முறையைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை என்ன செய்கிறது? இலை காய்ந்துபோவது கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் கோரை உயிரோடு இருப்பது இலையில் இல்லை.

## முதலில், அது கோரைதானா?

தண்டை அடியில் பிடித்து இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். புல்லாக இருந்தால் உருளும், கணு தட்டுப்படும். கோரையாக இருந்தால் உருளாமல் தடுக்கும், ஏனென்றால் பூந்தண்டு முக்கோணமானது. கணு இருக்காது, உள்ளே காலியாகவும் இருக்காது. இலைகள் அடியிலிருந்து மூன்று திசையில் கிளம்பும், புல்லுக்கு இரண்டு திசைதான். மேல்பக்கம் பளபளப்பு, நடுவில் நீளவாக்கில் ஒரு மடிப்பு.

இதை மட்டும் வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள். முக்கோணத் தண்டுள்ள எல்லாமே கிழங்கு விடுவதில்லை. சைபெரஸ் ஐரியா போன்ற ஒருபருவக் கோரைகளும் பாத்திகளில் வரும். அவற்றுக்கு வெறும் நார்வேர்தான், விதையால் மட்டுமே பரவும். விதை கொட்டுவதற்கு முன் பிடுங்கினால் கதை முடிந்தது. அதற்காக மண்ணைச் சலிக்கக் கிளம்புவது தேவையில்லாத வேலை. எனவே ஒரு செடியையாவது தோண்டிப் பாருங்கள்.

பிடுங்காமல், ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி மண்கட்டியோடு தூக்குங்கள். கட்டியை வாளித் தண்ணீரில் வைத்து மண்ணைக் கரையவிடுங்கள். தண்டு மண்ணுக்குள் போகிற இடத்தில் சின்ன வெங்காயம் அளவுக்குக்கூட இல்லாத ஒரு வீக்கம் தெரியும். அதிலிருந்து கம்பிபோல் மெல்லிய தண்டுகள் பக்கவாட்டிலும் கீழேயும் ஓடும். அந்தத் தண்டில் வரிசையாக, ஒன்றையடுத்து ஒன்றாக, கறுத்த பழுப்பு நிறத்தில் செதில் மூடிய கிழங்குகள் இருந்தால் அது சைபெரஸ் ரொட்டண்டஸ். பூங்கொத்து செம்பழுப்பாக இருக்கும். கிழங்கு வரிசையாக இல்லாமல் தண்டின் நுனியில் ஒன்றே ஒன்றாக, உருண்டையாக, வழுவழுப்பாக இருந்து, பூவும் மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தால் அது சைபெரஸ் எஸ்குலெண்டஸ். பூக்காத காலத்தில் இலை நுனியைப் பாருங்கள்: முதலாவதில் சட்டென்று குறுகும், இரண்டாவதில் நீளமாகக் கூராகிக்கொண்டே போகும்.

வேறுபாடு தெரிந்தால் வேலைக்கு உதவும். முதலாவது வகைக் கிழங்கு வறண்டு காய்வதையும் உறைபனியையும் தாங்குவதில் பலவீனமானது. இரண்டாவது வகை இரண்டையும் நன்றாகத் தாங்கும். 1977இல் களையியல் அறிஞர்கள் உலகின் மிக மோசமான களைகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் கொடுத்தது சைபெரஸ் ரொட்டண்டஸுக்கு. கீழே நான் வெறுமனே கோரை என்று சொல்வது இதைத்தான். மஞ்சள் பூ வகைக்கு மாறுகிற இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

## முடிவெடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கோரைக்கு விதை கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை, முளைக்கும் விதை மிகக் குறைவு. பரவுவதெல்லாம் கிழங்கால்தான். பெரும்பாலான கிழங்குகள் மேலே உள்ள 15 செ.மீ. மண்ணுக்குள் இருக்கும். கொஞ்சம் 30 செ.மீ. வரையும் போகும்.

ஒரே தண்டில் கோத்த கிழங்குகளில் எல்லாமே ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. ஒன்று முளைத்தால் அது மற்றவற்றை அடக்கி வைக்கும். தண்டு அறுந்தால் அடங்கிக் கிடந்தவை தனித்தனியாக எழும்பும். கொத்திய பாத்தியில் கோரை இரட்டிப்பாக வருவது இதனால்தான்.

கிழங்கு ஒரு சேமிப்பு. ஒவ்வொரு முளையும் அதிலிருந்துதான் செலவழித்து மேலே வருகிறது. மஞ்சள் பூ வகையில் அளந்து பார்த்தபோது முதல் முளைக்கே சேமிப்பில் சுமார் 60 சதவீதம் போய்விடுகிறது என்று தெரிந்தது. முளை ஐந்தாறு இலை விடும்வரை செலவுதான். அதற்கு மேல் வரவு தொடங்குகிறது, புதுக் கிழங்குகளும் உருவாகத் தொடங்குகின்றன. வெயில் காலத்தில் அந்த நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம் போதும்.

இவற்றை வைத்து, எந்த முறையையும் ஐந்து கேள்விகளால் அளக்கலாம்.

- கிழங்கைக் கொல்கிறதா, வெளியே எடுக்கிறதா, பட்டினி போடுகிறதா, அல்லது தொடவே இல்லையா?
- பாத்தியில் இப்போது செடிகள் இருக்கின்றனவா? அவை பல்லாண்டுச் செடிகளா, ஒரு பருவத்தில் முடிவனவா?
- பரப்பு எவ்வளவு?
- உங்களால் ஒரேயடியாகக் கடுமையாக உழைக்க முடியுமா, அல்லது கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் செய்ய முடியுமா?
- முறை முடிந்தபின் அந்த மண்ணில் என்ன நடப் போகிறீர்கள், எப்போது?

நான்காவது கேள்விக்கு மட்டும் உங்களுக்கு நீங்களே உண்மையைச் சொல்லிக்கொள்ளுங்கள். கோரையிடம் தோற்கும் பாத்திகள் அதிகமும் இந்தக் கேள்வியில்தான் தோற்கின்றன.

## விடாமல் பிடுங்குவது

பிடுங்கினால் கிழங்கு வராது, அது உண்மை. தண்டு வீக்கத்துக்கு மேலேயே அறுந்துவிடும். அப்படியானால் இதை ஏன் சொல்கிறேன்? இது கிழங்கைப் பட்டினி போடும் முறை. ஐந்தாவது இலை வருவதற்குள் முளையை எடுத்துவிட்டால் கிழங்கு செலவழித்தது திரும்பக் கிடைப்பதில்லை. மறுபடி முளைக்கும், மறுபடி எடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் முளை மெலிந்துகொண்டே வருவது கண்ணுக்கே தெரியும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பது இங்கே விதி. மாதம் ஒருமுறை என்று இழுத்தால் நீங்கள் கிழங்கைப் பட்டினி போடவில்லை, செலவழித்ததைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள விடுகிறீர்கள். பிடுங்குவதைவிட, மெல்லிய நீளக் கத்தியை மண்ணுக்குள் சாய்வாக விட்டு ஓரிரு அங்குல ஆழத்தில் முளையை அறுப்பது எனக்குப் பிடித்த முறை. பக்கத்துச் செடியின் வேர் அசையாது, மண்ணும் புரளாது, அடங்கிக் கிடக்கும் கிழங்குகளும் எழும்பாது.

மறைமுகச் செலவு நாட்காட்டிதான். ஒரு முழு வளர்பருவம் விடாமல் செய்ய வேண்டும், நெடுநாள் மண்டிக் கிடந்த இடமென்றால் அடுத்த பருவமும். நடுவில் ஒரு மாதம் வெளியூர் போனால், போன இடத்திலிருந்து தொடங்குவதில்லை. சில படிகள் பின்னால் போய்த் தொடங்குகிறோம். வீட்டில் இன்னொருவர் அந்த வேலையை ஏற்றுக்கொள்வார் என்றால் மட்டுமே நீண்ட விடுமுறை உள்ளவர்கள் இதை நம்பலாம்.

ரோஜா, மல்லிகை, பழமரக்கன்று என்று அசைக்க முடியாத செடிகள் நிற்கும் பாத்திக்கு இதுதான் வழி. அங்கே வேறெதுவும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

## தோண்டிச் சலிப்பது

கிழங்கை நேரடியாக வெளியே எடுக்கும் ஒரே முறை இது. அதனால்தான் எல்லோருக்கும் ஆசை. ஆசைப்படும் முன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரை 30 செ.மீ. ஆழம் தோண்டினால் 300 லிட்டர் மண், ஏறக்குறைய 400 கிலோ. அதைத் தூக்கி, சலித்து, திரும்பப் போட வேண்டும். நான்கு சதுர மீட்டர் பாத்தி என்றால் ஒன்றரை டன்னுக்கு மேல். பட்டாணி அளவுக் கிழங்கும் சிக்க வேண்டுமென்றால் சல்லடைக் கண் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. களிமண் அந்தக் கண்ணில் இறங்காது, ஈரமாக இருந்தால் சேறாகி அடைக்கும், காய்ந்தால் கட்டியாகிக் கிழங்கை ஒளித்து வைக்கும். மணல் கலந்த மண் உள்ளவர்களுக்குத்தான் இது உண்மையில் கைகொடுக்கும்.

செய்வதென்றால் கோரை தெரியும் எல்லைக்கு ஒரு முழம் வெளியிலிருந்து தொடங்குங்கள். பற்கள் உள்ள கார்டன் ஃபோர்க் இருந்தால் அதையே எடுங்கள். மண்வெட்டி தண்டுகளை அறுக்கும், ஃபோர்க் முழு வரிசையோடு தூக்கித் தரும்.

எடுத்த கிழங்கை மக்குக் குழியில் போடாதீர்கள். குழி உண்மையிலேயே கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்தாலொழிய அங்கே அவை பிழைத்துக்கொள்ளும், பிறகு நீங்களே உரத்தோடு எல்லாப் பாத்திக்கும் கொண்டுபோய் நடுவீர்கள். சிமெண்டுத் தரையில் மெல்லப் பரப்பி நல்ல வெயிலில் காயவிடுங்கள். செத்ததா என்று பார்க்க ஒன்றை வெட்டிப் பாருங்கள்: உள்ளே வெண்மையாக, கெட்டியாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகச் சுருங்கி உள்ளே பொக்கென்று இருந்தால் முடிந்தது.

மறைமுகச் செலவு இரண்டு. தப்பிய கிழங்குகள் எல்லாம் இப்போது தனிக்கிழங்குகள், எல்லாமே முளைக்கும். எனவே சலித்த பாத்தியிலும் அடுத்த சில மாதங்கள் முந்தைய தலைப்பில் சொன்ன வேலை உண்டு. அளவு குறையும், அவ்வளவுதான். இரண்டாவது, மண்ணின் அமைப்பே கலைந்து போகும். மழைக்கு முன் அதை மூடாக்கு போட்டுக் காப்பாற்ற வேண்டும்.

கோரை இப்போதுதான் ஒரு மூலையில் தலைகாட்டியிருக்கிறது, பத்திருபது முளைதான் என்றால், தயங்காமல் இன்றே தோண்டுங்கள். மஞ்சள் பூ வகையில் 1961இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே கிழங்கு ஓராண்டில் சுமார் 1,900 செடிகளும் 7,000க்கு நெருங்கிய கிழங்குகளும் ஆனதாகப் பதிவாகியிருக்கிறது. சிறியதாக இருக்கும்போது தோண்டுவதற்கு நிகரான முறை கிடையாது.

## கிளறி வெயிலில் போடுவது, ரோட்டவேட்டர் ஓட்டுவது

சலிக்கும் உழைப்பு இல்லாமல் கிழங்கைக் கொல்ல வழி உண்டு: மழை இல்லாத கடும் வெயில் காலத்தில் மண்ணைக் கிளறிக் கிழங்குகளை மேலே கொண்டுவந்து, தண்ணீரே காட்டாமல் கிடத்துவது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி கிளறிக் கீழே இருந்ததை மேலே கொண்டுவருவது. கோரைக் கிழங்கு ஈரத்தை இழந்தால் சாகும், இதுதான் அதன் பலவீனம். மஞ்சள் பூ வகைக்கு இது அவ்வளவாகப் பலிக்காது.

நடுவில் ஒரு மழை பெய்தாலோ, பக்கத்துப் பாத்திக்குப் பாய்ச்சும் தண்ணீர் கசிந்தாலோ, செய்தது தலைகீழாகும். கிளறிய மண், அறுந்த தண்டுகள், ஈரம் மூன்றும் சேர்ந்தால் அது கோரை நடவுதான். மண்ணைக் கிளறும் இயந்திரங்களான ரோட்டவேட்டருக்கும் பவர் வீடருக்கும் இதே பதில்: தொடர்ந்து வறட்சி இருக்கும் என்ற உறுதி உண்டென்றால் அவை நல்ல கருவிகள், ஈர மண்ணில் அவற்றைப்போலக் கெடுதல் செய்வது வேறில்லை. ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் கத்திகளில் ஒட்டிய மண்ணைக் கழுவுங்கள்.

## மூடுவது

மூடுவதில் ஐந்து விதம் இருக்கிறது, ஐந்தும் ஒன்றல்ல. இங்கேதான் பணமும் ஒரு பருவமும் அதிகம் வீணாகின்றன.

வைக்கோல், சருகு, மரத்தூள் போன்ற இயற்கை மூடாக்கைக் கோரை சட்டை செய்யாது. எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் மேலே வரும். ஆனாலும் போடச் சொல்வேன். மூடாக்கின் கீழ் மண் பொலபொலவென்று இருப்பதால் முளையை அறுப்பது பாதி வேலையாகிவிடும், மற்ற களைகளும் வராது.

அட்டைப்பெட்டி விரிப்பது காய்ந்திருக்கும்வரை தடுக்கும். நனைந்து ஊறியதும் முளை அதைத் துளைத்துவிடும். கொஞ்ச நாள் அவகாசம் கிடைக்கும், தீர்வு கிடைக்காது.

மெல்லிய கறுப்பு பாலித்தீன் மற்ற களைகளுக்கு அருமையானது. கோரைக்கு ஏன் தோற்கிறது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முளையின் நுனி இருட்டில் இருக்கும்வரை சுருட்டிய கூர்மையோடு மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் பட்டால்தான் இலை விரியும். கறுப்பு விரிப்பின் கீழ் வெளிச்சமே இல்லையாதலால், கூர்மை குறையாமல் வந்து குத்திக் கிழிக்கிறது. ஒளி ஊடுருவும் தெளிவான பாலித்தீனை விரித்தால் நேர்மாறாக நடக்கும். முளை மண்ணை விட்டு வெளியே வந்த உடனே வெளிச்சம் பட்டு, விரிப்புக்குக் கீழேயே இலையைத் திறந்துவிடும். விரிந்த இலையால் குத்த முடியாது. மண்ணுக்கும் விரிப்புக்கும் இடையே அரை செ.மீ., ஒரு செ.மீ. இடைவெளி இருந்தால் இது இன்னும் நன்றாக நடக்கும். அங்கேயே அடைபட்டு வெந்துபோகும்.

தெளிவான விரிப்பு மண்ணையும் சூடாக்குகிறது. ஆண்டின் மிக வெப்பமான நான்கு முதல் ஆறு வாரம், நன்றாக நனைத்துச் சமப்படுத்திய மண்ணின் மேல், ஓரங்களை மண்ணில் புதைத்து இறுக்கமாகப் போட வேண்டும். மேல் மண்ணிலுள்ள கிழங்குகள் நிறையச் சாகும். ஆழத்துக்குப் போகப் போகச் சூடு குறைவதால் கீழே இருப்பவை பிழைக்கும். மரநிழலும் சுவர்நிழலும் விழும் பாத்தியில் செய்வதில் பொருளே இல்லை. வெயில் குறைந்தபின் விரித்தால் சாவதற்குப் பதிலாக முளைப்பதற்கு ஏற்ற வெதுவெதுப்புதான் கிடைக்கும். மண்ணிலுள்ள நல்ல நுண்ணுயிர்களும் ஓரளவு அடிபடுகின்றன, முடிந்ததும் மக்கு உரம் கொடுப்பது நல்லது.

நெருக்கமாக நெய்த கெட்டியான வீட் மேட் (களை தடுக்கும் விரிப்பு)தான் கோரையைத் தாங்கி நிற்கும் மூடல். நெய்யாத மலிவு ரகங்களைத் துளைத்துவிடும். வாங்கும் முன் ஊசியால் குத்திப் பார்ப்பதைவிட, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெசவின் நெருக்கத்தைப் பாருங்கள். செடிக்காக வெட்டிய துளை வழியாகவும் ஓரங்கள் வழியாகவும் கோரை வரும், அங்கே கண் வைத்திருக்க வேண்டும். கிழங்கு சில ஆண்டுகள்வரை மண்ணில் உயிரோடு கிடக்கும் என்பதால் ஒரு பருவத்தில் எடுத்துவிடலாம் என்று நினைக்கக்கூடாது. நடைபாதைக்கும், மரத்தடிக்கும், அடிக்கடி மண்ணைத் தொடாத பாத்திக்கும் இது பொருந்தும். கீரைப் பாத்திக்குப் பொருந்தாது.

## நிழலால் வெல்வது

கோரை வெயிலிலும் சூட்டிலும் கொழிக்கும் செடி, நிழலில் அது தளரும். புதுக் கிழங்கு வைப்பதும் குறையும். சட்டென்று படர்ந்து தரையை மூடும் தட்டைப்பயறு, பூசணி போன்றவற்றை நெருக்கமாக விதைத்து, முதல் நான்கு வாரம் மட்டும் கோரையை அறுத்துக்கொண்டே இருந்தால், பிறகு படர்ந்த கொடியே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பாத்தியை வெறுமனே போடாமல் ஏதோ விளைச்சலும் கிடைக்கும் முறை இது.

தனியாக இது போதாது. பட்டினி போடும் முறையோடு சேர்த்தால் அதன் உழைப்பைப் பாதியாக்கும். கோரை உள்ள பாத்தியில் உருளை, கேரட், சர்க்கரைவள்ளி என்று கிழங்குப் பயிர்களை வைக்காதீர்கள். கோரையின் கூர்நுனி கிழங்குகளைக் குத்தித் துளைக்கும், அறுவடைக்குத் தோண்டும்போது கோரையையும் பரப்பிவிடுவோம்.

## களைக்கொல்லி

இலையோடு தொடர்பில் இருக்கும் கிழங்குவரை போகக்கூடிய மருந்துகள் உண்டு. தோட்டங்களில் அதிகம் பேசப்படுபவை இரண்டு: கிளைபோசேட், ஹாலோசல்ஃப்யூரான். கிளைபோசேட் பச்சையான எதன்மேல் பட்டாலும் பாதிக்கும். ஹாலோசல்ஃப்யூரான் கோரை இனங்களைக் குறிவைப்பது, புல்தரைக்கு ஏற்றது. அகன்ற இலையுள்ள பல காய்கறிகளுக்கும் பூச்செடிகளுக்கும் ஆகாது. மண்ணில் அதன் தாக்கம் சில பயிர்களுக்குப் பல மாதங்கள் நீடிக்கும் என்பதால், அடுத்து என்ன நடலாம், எப்போது நடலாம் என்று லேபிளில் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். காய்கறிப் பாத்தி வைத்திருப்பவர்கள் கவனிக்கத் தவறும் செலவு இதுதான்.

மருந்து முளை விட்டிருக்கும் கிழங்குக்குத்தான் போய்ச் சேரும். உறங்கும் கிழங்கும், தண்டு அறுந்து தனியாகக் கிடக்கும் கிழங்கும் தப்பும். எனவே கொத்தியவுடன் அடிப்பது வீண். நன்றாக இலை விட்டு வளரும் நேரத்தில், பூக்கும் முன், அடிக்க வேண்டும். அடித்தபின் இரண்டு வாரமாவது பிடுங்காமல் விட வேண்டும். உறங்கியவை எழும்போது மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கும். ஒரே தடவையில் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் கிளைபோசேட்டை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை போன்றவை அந்த முடிவை ஏற்கவில்லை. பல நாடுகளில் வீட்டு உபயோகத்துக்குத் தடையோ கட்டுப்பாடோ இருக்கிறது, உங்கள் இடத்துச் சட்டத்தை முதலில் பாருங்கள். குழந்தைகள் விளையாடும், கீரை கிள்ளும் பாத்தியில் நான் இதை அடிக்கமாட்டேன். கல் பதித்த நடைபாதை இடுக்கு, வேலி ஓரம் போன்ற, தோண்டவும் மூடவும் முடியாத இடங்களில் இதற்கு நியாயம் இருக்கிறது. அங்கேயும் தெளிப்பதைவிட, கையுறை போட்டுக்கொண்டு பஞ்சில் நனைத்து இலையில் தடவுவது மேல்.

## மேலேயே புதுப் பாத்தி

மேட்டுப்பாத்தி கட்டிப் புது மண் நிரப்பினால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஒரு முழ உயரப் புது மண்ணையும் கோரை தாண்டி வரும். அடியில் நெருக்கமாக நெய்த வீட் மேட்டை, பக்கப் பலகைகளின் உட்புறம்வரை மடித்து ஏற்றிப் போட்டால்தான் பயன். நிரப்பும் மண்ணிலேயே கிழங்கு வந்துவிடும் ஆபத்தும் உண்டு.

## ஒரே பார்வையில்

| முறை | கிழங்குக்கு என்ன ஆகும் | செடி நிற்கும் பாத்தியில் முடியுமா | எவ்வளவு காலம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| விடாமல் அறுத்தல் | பட்டினியால் தீரும் | முடியும் | ஒன்று, இரண்டு பருவம் | இடைவெளி விட்டால் பலன் போகும் |
| தோண்டிச் சலித்தல் | வெளியே வரும் | முடியாது | சில நாள் கடும் உழைப்பு, பிறகு கண்காணிப்பு | தப்பியவை எல்லாம் முளைக்கும் |
| கிளறிக் காயவிடல் | காய்ந்து சாகும் | முடியாது | மழையற்ற காலம் முழுதும் | ஒரு மழை போதும், கெடும் |
| தெளிவான பாலித்தீன் | மேலே உள்ளவை வேகும் | முடியாது | 4 முதல் 6 வாரம் | நல்ல வெயில் காலத்தில் பாத்தி சும்மா கிடக்கும் |
| வீட் மேட் | வெளிச்சமின்றித் தேயும் | பெரிய செடிகளுக்கு மட்டும் | சில ஆண்டுகள் | துளை, ஓரம் |
| படர் பயிர் | புதிது வைப்பது குறையும் | அதுவே பயிர் | ஒரு பருவம் | தனியாகப் போதாது |
| களைக்கொல்லி | முளைத்தவை சாகும் | மிகக் கவனத்தோடு | பல தடவை | அடுத்த பயிருக்குக் காத்திருப்பு |

## எந்தப் பாத்திக்கு எது

புதிதாக, சின்ன இடத்தில் தலைகாட்டியிருக்கிறதா? தோண்டுங்கள், வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

பல்லாண்டுச் செடிகள் நிற்கும் பாத்தியா? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறுப்பது, மேலே மூடாக்கு. அந்தச் செடிகளை எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு மண்ணைச் சலிக்கலாமே என்று தோன்றும். எடுக்கும் செடியின் வேர் முடிச்சுக்குள்ளேயே கிழங்கு இருக்கும். வேரை முழுக்கக் கழுவி மண்ணில்லாமல் நடத் தயாராக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

காய்கறிப் பாத்தி, அதுவும் மண்டிக் கிடக்கிறது, ஒரு பருவம் சும்மா விட மனமிருக்கிறது என்றால் என் தேர்வு இந்த வரிசை: வறண்ட காலத்தில் கிளறி, மேலே வந்த கிழங்குகளைக் கையால் பொறுக்குவது, உச்ச வெயிலில் நனைத்துத் தெளிவான பாலித்தீன் போடுவது, எடுத்ததும் தட்டைப்பயறை நெருக்கமாக விதைத்து, முதல் நான்கு வாரம் அறுத்துக்கொண்டே இருப்பது. கொஞ்சம் நீளமான வழிதான். ஆனால் ஒவ்வொரு படியும் முந்தையதில் தப்பியதைப் பிடிக்கிறது. எந்த ஒரு முறையையும் தனியாகச் செய்தால் இந்த நன்மை இல்லை.

பரப்பு பெரியது, நேரமில்லை என்றால் முழுவதையும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் பாத்தியை மட்டும் சுத்தம் செய்து, மற்றதை வீட் மேட் போட்டு மூடி வையுங்கள். அரைகுறையாக எல்லா இடத்திலும் கொத்துவதைவிட மூடி வைத்துக் காத்திருப்பது மிக நல்லது.

## திரும்ப வராமல்

சுத்தமான பாத்திக்குக் கோரை வருவது பெரும்பாலும் வாங்கி வந்த நாற்றின் தொட்டி மண்ணிலும், சரியாக மக்காத எருவிலும், வெளியிலிருந்து கொட்டிய வண்டல் மண்ணிலும்தான். தொட்டிச் செடியை நடும் முன் வேர்ப் பந்தை வெளியே எடுத்து ஓரங்களில் கறுத்த கிழங்கு தெரிகிறதா என்று பாருங்கள். புது மண்ணையும் எருவையும் ஒரு மூலையில் கொட்டி, நனைத்து, மூன்று நான்கு வாரம் வெயிலில் விட்டு, முளை எதுவும் எழும்புகிறதா என்று பார்த்தபின் பாத்திக்குக் கொண்டுபோங்கள். சுத்தம் செய்த பாத்தியில் ஒரு முழுப் பருவம் புதுமுளை எதுவும் வராவிட்டாலும், அடுத்த பருவத்தின் முதல் நல்ல மழைக்கு இரண்டு வாரம் கழித்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். உறங்கிக் கிடந்தவை எழும்புவது அப்போதுதான், ஐந்தாவது இலை வருவதற்குள் அவற்றை எடுத்துவிடலாம்.